கைவிடப்பட்ட கலம்

அறிவியல் கதைகளில் வரும் சொற்களுக்குத் தமிழ் கண்டுபிடிப்பவர்கள் இரண்டு வகை. ஒரு வகையினர் எல்லாவற்றுக்கும் முன்னால் ‘விண்’ போட்டுவிட்டு, வேலை முடிந்தது என்று எழுந்துவிடுவார்கள். விண்கலம், விண்தளம், விண்ணுடை, விண்வெளி வீரர். இன்னொரு வகையினர் அகராதியைத் தலைகீழாகக் கவிழ்த்து, யார் வாயிலும் நுழையாத ஒன்றைப் பொறுக்கி வந்து, இதுதான் தூய தமிழ் என்று நம்மை மிரட்டுவார்கள். பள்ளிக்கூடத்தில் ஆங்கில ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்று, பொழுது போகாமல் மொழிபெயர்ப்புக்கு வந்த நான் இரண்டு கட்சியிலும் சேரவில்லை. அதனால் இரண்டு பக்கத்திலிருந்தும் திட்டு வாங்கியிருக்கிறேன்.

இது நடந்தபோது என் கையில் ஒரு தடித்த நாவல் இருந்தது. ஒரு விண்கலம் நெடுந்தூரம் போகிறது. வழியில் இன்னொரு கலம், விளக்கெல்லாம் எரிந்தபடி, உள்ளே ஓர் ஆள் இல்லாமல் மிதந்துகொண்டிருக்கிறது. அதில் இருந்தவர்கள் எங்கே போனார்கள் என்பதுதான் கதை. சென்னையில் இருக்கும் பதிப்பாளர், என்னிடம் படித்திருக்க வேண்டிய வயதுக்காரர், புத்தகத்தின் பின்னால் ஒரு சொல்விளக்கமும் வேண்டும் என்றார். ஒவ்வொரு சொல்லும் எங்கிருந்து வந்தது, என்ன பொருள் என்று சுருக்கமாக எழுத வேண்டும். நாவலை மொழிபெயர்ப்பது எனக்குக் கடமை, சொல்விளக்கம்தான் விருந்து. அதற்காகவே ஒப்புக்கொண்டேன்.

ரோபோ என்ற சொல்லைத் தோண்டினால் ஒரு செக் மொழி நாடகம் வரும். இன்னும் கீழே போனால், பண்ணையாரின் நிலத்தில் கூலி வாங்காமல் செய்தே தீர வேண்டிய கட்டாய வேலை என்ற பொருள் வரும். நம் பக்கம் வெட்டி என்று ஒரு காலத்தில் ஆட்களைப் பிடித்துக்கொண்டு போனார்களே, அதேதான். அப்படிப் பிடிபட்ட பனங்காட்டுச் சனங்களிலிருந்து படித்து மேலே வந்த குடும்பம் எங்களுடையது. பளபளவென்று மின்னும் ஓர் இயந்திரத்துக்கு அந்தப் பெயரை வைத்திருக்கிறார்கள் என்று எழுதும்போது எனக்குக் கொஞ்சம் கோபமே வந்தது. ஏலியன் என்றால் பச்சை உடம்பும் பெரிய கண்ணும் என்று பிள்ளைகள் நினைக்கிறார்கள். லத்தீனில் அதற்கு அடுத்தவருக்கு உரியது என்பதற்கு மேல் பொருள் கிடையாது.

ஆனால் பாதிக்கு மேற்பட்ட சொற்கள் கடலிலிருந்து வந்தவை. ஆஸ்ட்ரோநாட் என்பவர் கிரேக்கத்தில் நட்சத்திர மாலுமி. சைபர் என்று இன்றைக்கு எதற்கெல்லாமோ முன்னால் ஒட்டுகிறார்களே, அதன் மூலம் சுக்கான் பிடிக்கிறவரைக் குறிக்கும் கிரேக்கச் சொல். நாம் சொல்கிற சுக்கானும் அரபு வணிகர்களோடு இந்தக் கரையில் இறங்கிய சொல்தான். கதைகளில் கலத்தின் தலைவர் நாள்தோறும் எழுதும் லாக் என்பது, முன்னொரு காலத்தில் வேகம் பார்ப்பதற்காகக் கயிறு கட்டிக் கடலில் எறிந்த மரக்கட்டை. வானத்தைப் பற்றி எழுத உட்கார்ந்தவர்கள் யோசிக்கச் சோம்பல்பட்டுக்கொண்டு கடலிலிருந்து அள்ளிவிட்டார்கள் என்று நான் கேலி பேசுவதுண்டு. உள்ளுக்குள் அவர்களைக் குறை சொல்ல மனம் வராது. திரும்பி வருவோமா என்று தெரியாமல் வீட்டை விட்டுப் போவதற்கு மனிதரிடம் இருந்த சொற்கள் அவைதான்.

நான் இன்றும் கையால்தான் எழுதுகிறேன். கணினியில் தமிழ் தட்ட உட்கார்ந்தால் ஒரு வரிக்குள் பொறுமை போய்விடும். தூத்துக்குடி பழைய துறைமுகத்துக்குப் போகிற சாலையில் ஒரு பெண் ஜெராக்ஸ், டிடிபி கடை வைத்திருக்கிறாள். அத்தியாயம் முடிந்ததும் தாள்களை அவளிடம் கொடுப்பேன். அவள் தட்டிப் பிரதி எடுத்துத் தருவாள், நான் பிழை பார்த்துத் திருப்பிக் கொடுப்பேன். கடற்கரைக் கத்தோலிக்கக் குடும்பத்துப் பெண். கணவர் தோணியில் எஞ்சின் பார்க்கிறவர். தோணி என்றதும் வெளியூர்க்காரர்கள் சின்னப் படகை நினைத்துக்கொள்வார்கள். எங்கள் ஊரில் அது வெங்காயமும் உருளைக்கிழங்கும் செங்கலும் ஏற்றிக்கொண்டு மாலத்தீவு வரை போய்வருகிற மரக்கப்பல்.

அவளுக்கும் எனக்கும் ஓயாத சண்டை உண்டு, இருவருக்கும் பிடித்த சண்டை. “உங்க ஆளுக ஞாயித்துக்கெழம ஒரு மொழம் பூ வாங்கினாக்கூட பாவம்னு சொல்லுவாவ” என்று என்னுடைய நாசரேத் ஊர்ப் பக்கத்துப் புராட்டஸ்டன்ட் சபை வளர்ப்பைச் சீண்டுவாள். “தலவலிக்கு ஒரு புனிதரு, பல்வலிக்கு ஒரு புனிதருன்னு வச்சுக்கிட்டு எங்களச் சொல்லுதியா?” என்று நான் திருப்பிக் கொடுப்பேன். அதன் பிறகு டீ வரும்.

ஒருநாள் பிழை பார்க்க உட்கார்ந்தபோது, சில இடங்களில் சொல்லுக்குப் பதிலாக வெறும் புள்ளிகள் இருந்தன. அடுத்த அத்தியாயத்திலும் அப்படியே. கலைச்சொற்கள் அவளுக்கு விளங்கவில்லை போலிருக்கிறது என்று நினைத்து, என் சொல்விளக்கத் தாள்களை எடுத்துக்கொண்டு போய் அவளுக்குப் பாடம் எடுக்க ஆரம்பித்துவிட்டேன். முப்பது வருடப் பழக்கம், லேசில் போகாது. அவள் கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்தாள்.

“இதெல்லாம் வெளங்குது டீச்சர். நான் புள்ளி வச்ச எடத்த நல்லா பாருங்க” என்றாள்.

பார்த்தேன். சைபரும் ரோபோவும் ஒழுங்காக இருந்தன. விடுபட்டவை மூழ்கியது, தொலைந்தது, கைவிடப்பட்டது. சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த சொற்கள்.

“அவிய கடல்ல இருக்கையில எங்க வீட்டுல இதையெல்லாம் வாயில எடுக்க மாட்டோம். எங்க மாமியா அப்படித்தான் பழக்கினாவ. கையால தட்டுனாலும் சொன்ன மாதிரிதான்னு எனக்குத் தோணுது. அவிய கரைக்கு வரட்டும். ஒரே உக்காருல அம்புட்டையும் போட்டுத் தாரேன்.”

“என் புஸ்தகத்துக்கும் ஒன் வீட்டுக்காரருக்கும் என்னளா சம்பந்தம்?”

“சம்பந்தம் இல்லன்னு ஒங்களுக்குத் தெரியும். எனக்குத் தெரியாதே டீச்சர்.”

தட்டச்சுக்காரி தேடும்போது கடலுக்குப் போகாத வீடாகப் பார்த்திருக்க வேண்டும் என்றேன். அவளும் சிரித்தாள். ஆனாலும் அந்தப் புள்ளிகளில் ஒன்றைப் பற்றி அவளுக்குத் தெரிந்துகொள்ள ஆசை இருந்தது. நாவலில் ஆளில்லாமல் மிதக்கும் கலத்தை ஆங்கிலத்தில் டெரிலிக்ட் என்கிறார்கள். பாழ்கலம், சிதைகலம் என்றெல்லாம் எழுதி அடித்துவிட்டு, கடைசியில் கைவிடப்பட்ட கலம் என்று வைத்திருந்தேன். ஏன் மற்றதை அடித்தீர்கள் என்று கேட்டாள். அது உடைந்த கப்பலைக் குறிக்கும் சொல் இல்லை என்றேன். கப்பல் சட்டத்திலிருந்து கதைக்குள் வந்த சொல் அது. கப்பல் நன்றாகக்கூட இருக்கலாம். அதன் தலைவரும் ஆட்களும் இனி இதற்குத் திரும்புவதில்லை என்று தாங்களாகவே இறங்கிப் போயிருந்தால்தான் அந்தப் பெயர். அவள் கேட்டுக்கொண்டாள், சொல்லை மட்டும் திருப்பிச் சொல்லவில்லை.

அது ஐப்பசி மாதம். கடலில் காற்றழுத்தத் தாழ்வு என்று செய்தியில் சொல்ல ஆரம்பித்திருந்தார்கள். மாலேயில் சரக்கு இறக்கிவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்த அவள் கணவரின் தோணியிலிருந்து வயர்லெஸ் பேச்சு நின்றுபோனது. எஞ்சினில் ஏதாவது கோளாறாக இருக்கும், வந்துவிடும் என்று தோணி முதலாளி வீட்டில் சொன்னார்கள். “எஞ்சின் பாக்கது எங்க வீட்டு ஆளுதான? அவியளுக்கு சரிபண்ணத் தெரியாத எஞ்சினா?” என்று என்னிடம் கேட்டாள். அதில் பெருமையும் இருந்தது, பயமும் இருந்தது.

கடையை அவள் மூடவில்லை. முன்பைவிட வேகமாகத் தட்டினாள். புள்ளிகள் கூடிக்கொண்டே போயின. ‘காணவில்லை’ போயிற்று, ‘தொடர்பு அறுந்தது’ போயிற்று, ‘இருள்’கூடச் சில இடங்களில் போயிற்று. பதிப்பாளர் போன் செய்து, புத்தகக் கண்காட்சி வருகிறது மேடம் என்று நினைவூட்டினார். கை வலி என்று சொல்லிவைத்தேன். நாலு கடை தள்ளி இன்னொரு டிடிபி கடை இருக்கிறது, அங்கே கொடுத்தால் அன்றைக்கே வேலை முடிந்துவிடும். எனக்கு மனம் வரவில்லை. அவளுடைய விரல்களுக்கு அப்போது வேலை தேவைப்பட்டது. தாள் இல்லாத நேரத்தில் அவை மேசை ஓரத்தைச் சுரண்டிக்கொண்டே இருந்ததை நான் பார்த்தேன்.

ஒருநாள் தலையைத் தூக்காமலே கேட்டாள். “அந்தக் கப்பல்ல இருந்தவங்க கடைசில கெடைக்காங்களா டீச்சர்?”

கிடைக்கவில்லை. கடைசி அத்தியாயத்தை நான் ஏற்கனவே முடித்து வீட்டில் வைத்திருந்தேன். இன்னும் அவ்வளவு தூரம் வரவில்லை என்று சொல்லிவிட்டு, சேலையில் ஒட்டாத தூசியைத் தட்டினேன்.

மறுவாரம் நான் போனபோது கடைக்கு வெளியே பெண்கள் நின்றிருந்தார்கள். தேடப் போன விமானம் தோணியைப் பார்த்துவிட்டது. மேற்கே வெகுதூரத்தில் ஒருபக்கம் சாய்ந்து மிதக்கிறது. மேலே ஓர் ஆள் இல்லை. கிட்டே போன கப்பலும் ஆட்களைக் காணோம் என்று சொல்லிவிட்டது. இதை எனக்குச் சொன்ன வயதான அம்மாள் சொல்லி முடிப்பதற்குள் சத்தமாக அழத் தொடங்கினாள். இன்னொருத்தி, நடந்ததை ஏற்றுக்கொள்ளத்தான் வேண்டும், இரங்கல் பூசைக்குப் பங்குச் சாமியாரிடம் சொல்லிவிடலாம் என்று மெல்லப் பேசிக்கொண்டிருந்தாள்.

உள்ளே அவள் கணினி முன்னால் உட்கார்ந்திருந்தாள். திரையில் என் நாவல் திறந்திருந்தது. அவள் அழவில்லை. வகுப்பில் விடை தெரியாத பிள்ளை டீச்சரின் முகத்தைப் பார்க்குமே, அப்படி என்னைப் பார்த்தாள்.

நான் என்ன சொல்லப்போகிறேன் என்று எனக்கே தெரியாது. வாய்தான் முதலில் பேசியது.

“ஏளா, இங்கன பாரு. தோணி அடியில போகல. மெதந்துக்கிட்டுத்தான் கெடக்கு. உள்ள ஒருத்தரும் இல்லன்னா, எல்லாரும் எறங்கியிருக்காங்கன்னு அர்த்தம். எறங்கணும்னா உசுரு இருந்திருக்கணும்.”

“அந்தச் சொல்ல வச்சா சொல்லுதிய?”

“ஆமா. அந்தச் சொல்ல வச்சுத்தான். தோணில கூட ஒரு சின்ன வள்ளம் கட்டியிருப்பாங்கல்லா, அது அங்கன இருக்கான்னு கேளு.”

அவள் முதலாளி வீட்டுக்குப் போன் போட்டாள். அவர்கள் வேறு யாருக்கோ போட்டார்கள். பதில் வரும்வரை வெளியே நின்ற பெண்களும் உள்ளே வந்து சுவரோரம் நின்றுகொண்டார்கள். வள்ளம் தோணியில் இல்லை என்று பதில் வந்தது.

“அப்ப வள்ளத்துல ஏறிட்டாவ” என்றாள் அவள். யாரும் மறுக்கவில்லை. அலை அடித்தும் வள்ளம் அறுந்து போயிருக்கலாம் என்று எனக்குத் தெரியும். அந்த அறையில் இருந்த எல்லாருக்கும் என்னைவிட நன்றாகவே தெரியும். அவள் எழுந்து ஷட்டரை இறக்கிவிட்டு, தோணியில் போன மற்றவர்களின் வீடுகளுக்குக் கிளம்பினாள். டீச்சர் சொல்கிறார்கள், தோணி காலியாக இருந்தால் ஆட்கள் இறங்கிவிட்டார்கள் என்றுதான் அர்த்தம், அதற்கென்று ஒரு சொல்லே இருக்கிறதாம் என்று வீடு வீடாகப் போய்ச் சொல்லியிருக்கிறாள்.

வீட்டுக்கு வந்த பிறகுதான் நான் செய்தது எனக்கு உறைத்தது. நான் சொன்னது எங்கோ ஒரு நாட்டின் நீதிமன்றங்களில், யாருக்கு எந்தக் கப்பல் சொந்தம் என்று தீர்ப்புச் சொல்வதற்காக வகுத்த பொருள். கடல் அதைப் படித்துவிட்டா நடந்துகொள்ளும்? ஒரு சொல்லின் பொருளைக் காட்டி ஒருத்தியை நம்ப வைத்துவிட்டேன். அது பொய்யாகிவிட்டால் அந்தக் கடை வாசலை நான் எப்படி மிதிப்பேன்? ஜெபம் பண்ணினேன். என் வீட்டில் புனிதர்கள் யாரும் கிடையாது. அந்த வாரம் அவளுடைய புனிதர்களையும் கொஞ்சம் கடன் வாங்கிக்கொண்டேன்.

போன் வந்தபோது நான் கடையில்தான் இருந்தேன். கன்னியாகுமரிப் பக்கத்து ஆழ்கடல் மீன்பிடிப் படகு ஒன்று வள்ளத்தில் தத்தளித்தவர்களை ஏற்றியிருக்கிறது. அவர்கள் இருந்த தூரத்தில் சிக்னல் கிடையாது. கரையை நெருங்கிய பிறகுதான் யாருடைய போனிலிருந்தோ பேச முடிந்திருக்கிறது. புது நம்பர் என்று அவள் அலட்சியமாக எடுத்தாள். குரலைக் கேட்டதும், “போன உப்புத் தண்ணியில போட்டுட்டு இம்புட்டு நாளும் அங்கன என்னத்தச் செஞ்சிய?” என்று திட்டத் தொடங்கினாள். திட்டிக்கொண்டே தரையில் உட்கார்ந்துவிட்டாள். நான் ஜெராக்ஸ் மெஷினைப் பிடித்துக்கொண்டு அழுதேன். என் வயதில் அப்படி அழுவது நன்றாக இருக்காது, ஆனாலும் நிறுத்த முடியவில்லை.

அப்புறம் அவள் பேச்சை நிறுத்திக் கேட்கத் தொடங்கினாள். கேட்கக் கேட்க முகம் மாறியது. தோணியில் போனவர்கள் ஏழு பேர். படகில் இருந்தவர்கள் ஆறு பேர். சமையல்காரர் இல்லை.

அவர் நாற்பதைத் தாண்டியவர், கல்யாணம் ஆகாதவர். மாதா கோவிலுக்குப் பின்னால் இட்லிக் கடை வைத்திருக்கும் அக்காதான் அவருக்கு வீடு. சமையலும் அக்காவிடம் கற்றதுதான். அந்த அக்காவிடமும் என் சொல் போய்ச் சேர்ந்திருந்தது.

கணவர் வீட்டுக்கு வந்த பிறகு நடந்தது முழுதாகத் தெரிந்தது. எஞ்சின் நின்று, அடியில் தண்ணீர் ஏறத் தொடங்கியதும், தோணியின் தலைவரான தண்டல் எல்லாரையும் வள்ளத்தில் இறங்கச் சொல்லியிருக்கிறார். ஏழு பேரும் இறங்கிவிட்டார்கள். அப்போது சமையல்காரருக்குக் குடிதண்ணீர் கேன் குசினியிலேயே இருப்பது நினைவுக்கு வந்திருக்கிறது. மற்றவர்கள் தடுப்பதற்குள் மேலே ஏறிப் போய், கேனைக் கயிற்றில் கட்டி வள்ளத்துக்கு இறக்கிவிட்டார். அவர் இறங்குகையில் ஓர் அலை வந்து வள்ளத்தைத் தோணியிலிருந்து பிரித்தது. கயிற்றில் இருந்தவரைப் பிறகு யாரும் பார்க்கவில்லை. ஆறு பேரும் உயிர் பிழைத்தது அந்தத் தண்ணீரில்தான்.

கணவர் கரைக்கு வந்தால் புள்ளிகளை நிரப்பித் தருவதாக அவள் சொல்லியிருந்தாள். வந்துவிட்டார். ஆனால் தாள்களை எடுத்து வைத்தவள் விசைப்பலகையைத் தொடவில்லை. “அந்த அக்கா இன்னும் கடலத்தான் பாத்துக்கிட்டு இருக்காவ. என் ஆளு வந்துட்டாவன்னு நான் எப்படி டீச்சர் இதத் தட்டுவேன்?” என்றாள். நான் அவளை எழுந்திருக்கச் சொல்லிவிட்டு, அந்த நாற்காலியில் உட்கார்ந்து, ஒற்றை விரலால் ஒவ்வோர் எழுத்தாகத் தேடித் தேடி எல்லாவற்றையும் நானே போட்டேன். அவள் அதுவரை வெளியே போய் நின்றாள். வீட்டில் வைத்திருந்த கடைசி அத்தியாயத்தையும் அடுத்த சில நாளில் அப்படியே நானே தட்டி முடித்ததும் கோப்பு சென்னைக்குப் போய்விட்டது.

உடல் கிடைக்காமலே சமையல்காரருக்கு மாதா கோவிலில் பூசை வைத்தார்கள். அதற்கு அடுத்த வாரம், அந்த டீச்சரைப் பார்க்க வேண்டும் என்று அவருடைய அக்கா சொல்லி அனுப்பியிருந்தார். போகாமல் இருந்துவிடலாமா என்று யோசித்தேன். அவளும் கூட வருகிறேன் என்றதால் போனேன்.

இட்லிக் கடையில் அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. என் வயதுதான் இருக்கும் அவருக்கு. கையைத் துடைத்துவிட்டு ஒரு ஸ்டூலை எடுத்துப் போட்டார். நான் அதில் உட்கார்ந்தேன்.

“ஆளில்லாம இருந்தா எறங்கிட்டாங்கன்னு அர்த்தம்னு சொன்னது நீங்கதான?” என்று கேட்டார்.

“ஆமா. நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது. எனக்கு நிச்சயமாத் தெரியாமலே சொல்லிட்டேன். மன்னிச்சுக்கிடுங்க” என்றேன்.

“எந்தம்பி எறங்கினான்லா?”

“எறங்கினாவ அக்கா. எங்க வீட்டு ஆளு கண்ணால பாத்திருக்காவ. எல்லாருக்கும் தண்ணி வேணும்னுதான் திரும்ப ஏறினாவ” என்று என் பக்கத்தில் இருந்தவள் சொன்னாள்.

அவர் தலையசைத்தார். கொதித்துக்கொண்டிருந்த இட்லிப் பானையின் மூடியைத் திறந்து பார்த்துவிட்டு மூடினார். பிறகு என் எதிரே தரையில் உட்கார்ந்தார்.

“அவன் போனது மொத நாளேன்னு இப்பச் சொல்லுதாவ. எனக்கு அப்படி இல்ல டீச்சர். நீங்க சொன்ன பெறவு, வந்ததும் அவனுக்கு என்ன பொங்கிப் போடணும்னு நெனச்சுக்கிட்டே இருந்தேன். சட்டையத் தொவச்சு வச்சேன். ராத்திரி நல்லா ஒறங்கினேன். அந்த நாலஞ்சு நாளும் எந்தம்பி எனக்கு உசுரோட இருந்தான். அதத் திருப்பி எடுத்துக்கிடுங்கன்னு நான் உங்கள்ட்ட சொல்ல மாட்டேன்.”

அவர் கையை என் இரண்டு கைகளுக்குள்ளும் பிடித்துக்கொண்டேன். மாவு ஈரம் இன்னும் இருந்தது. எங்கள் மூன்று பேருக்கும் தட்டு வைக்கச் சொல்லி அவர் உள்ளே குரல் கொடுத்தார்.